அலமாரி மேல் தூங்கும் மடிக்கணினி

(நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்விக் கட்டணம், மருத்துவ உதவி, ஜகாத் பங்கீடு பற்றிப் பேசுவோம். இன்று பழைய கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் சிரித்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதுவும் ஜகாத் பணம் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க உதவி கேட்டு எங்களிடம் மனுக்கள் வருகின்றன. மனு வந்தால் வீட்டுக்குப் போய் விசாரிப்பது நம் வழக்கம். அப்படிப் போன வீடுகளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில், பீரோ மேல் துணி போர்த்தி ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. மூத்த பையனுக்கோ பெண்ணுக்கோ அரசு கொடுத்தது. "அது ஓடாதுங்க பாய், நெட் வராது" என்றார் ஒரு தாயார். இன்னொரு வீட்டில் தகப்பனார், புதிது வாங்கத் தவணைக்கு எழுதிக் கொடுக்கும் நிலையில் இருந்தார். தவணைக் காகிதத்தைப் படித்துப் பார்த்தோம். வட்டிதான். தறி ஓட்டுகிற மனிதர். மகளின் படிப்புக்காக வேறு வழி தெரியாமல் இறங்கியிருக்கிறார்.

அந்த இரண்டு இயந்திரங்களையும் வாங்கி வந்து பார்த்தோம். ஒன்றில் ஹார்டு டிஸ்க் போயிருந்தது, அதை மாற்றினோம். மற்றொன்றில் எந்தப் பாகமும் கெடவில்லை. அதற்குப் பொருந்தாத இயங்குதளத்தை யாரோ போட்டிருந்தார்கள், வைஃபை எழும்பவில்லை, அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ், இரண்டிலும் இப்போது பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு புதிய மடிக்கணினியின் விலையில் எத்தனை பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டலாம் என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

முதலில் கொஞ்சம் பின்கதை. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை படித்தவர்கள், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் என்று லட்சக்கணக்கானோர் பெற்றார்கள். அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது, 2007-ல் முதலில் வெளிவந்தது. 'டெபியன்' என்ற லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் அதில் உண்டு. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. சிலர் கடைக்குக் கொண்டுபோய் அதை அழித்து விட்டு விண்டோஸை மட்டும் வைத்துக் கொண்டார்கள். பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடமே நடத்துகின்றன. நம் வீட்டுக்கே வந்ததை நாம் குப்பையில் போட்டோம்.

இப்போது நிலைமை என்ன? விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டித்துக் கொடுத்தார்கள். விண்டோஸ் 11 போடலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைப் பிராசஸரும் வேண்டும். 2011 முதல் 2016 வரை கொடுத்த இயந்திரங்கள் எதிலும் அது முறையாக ஏறாது. ஏற்றித் தருகிறோம் என்று சொல்பவர்கள் தடையைச் சுற்றிக்கொண்டு போய் ஏற்றுகிறார்கள். அல்லது 'கிராக்' செய்த பிரதியைப் போடுகிறார்கள்.

கிராக் பற்றி ஒரு வார்த்தை. உரிமம் இல்லாத பிரதியை ஜகாத், ஸதகா பணத்தில் நாம் கொடுக்கும் இயந்திரத்தில் போட்டுத் தர மாட்டோம். பிறர் பொருளை அனுமதியின்றி எடுப்பது என்ன என்று மக்தபில் படிக்கும் சிறுவனுக்கும் தெரியும். அதோடு, அந்தக் கிராக் கோப்புக்குள் வேறு என்னவெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் போட்டுக் கொடுத்தவருக்கே தெரியாது. அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் மகள் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அடிக்கிறாள்.

ஆகவே பழைய இயந்திரங்களுக்கு லினக்ஸ்தான் வழி. இலவசம், உரிமத்தோடு இலவசம். ஆனால் லினக்ஸ் என்று கடையில் கேட்டால் நூறு பெயர் சொல்வார்கள். உபுண்டு, மின்ட், டெபியன், லுபுண்டு. மின்ட் என்று எடுத்தால் அதிலேயே சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள். எதைப் போடுவது?

நம் ஊரில் இதை விளக்குவது சுலபம். கை முறுக்கில் மூன்று சுற்று, ஐந்து சுற்று, ஏழு சுற்று உண்டல்லவா? மாவு ஒன்றுதான். சின்ன வாணலியில் ஏழு சுற்று முறுக்கைப் போட்டால் என்ன ஆகும்? லினக்ஸ் பதிப்புகளும் அப்படித்தான். உள்ளே இருக்கும் மாவு ஒன்றே, மேலே தெரியும் திரையின் கனம்தான் வேறு. உங்கள் வாணலி எவ்வளவு பெரியது என்று பார்த்துப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வாணலி என்பது ரேம். 8 ஜிபி இருந்தால் எந்தப் பதிப்பும் ஓடும். 4 ஜிபி என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத்தான் நாங்கள் போடுகிறோம். 2 ஜிபி என்றால் லுபுண்டு போன்ற மெலிந்த பதிப்பு. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: 2 ஜிபியில் எந்த மெலிந்த பதிப்பைப் போட்டாலும் பிரவுசரில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் திறந்தால் மூச்சு வாங்கும். இடம் இருந்தால் இன்னொரு ரேம் சேர்ப்பதே நல்லது. அதைவிடப் பெரிய மாற்றம், சுற்றும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. எழுந்து நிற்க மூன்று நான்கு நிமிடம் எடுத்த இயந்திரம் அரை நிமிடத்தில் எழுந்ததைப் பார்த்திருக்கிறோம்.

அடுத்து 32 பிட், 64 பிட் குழப்பம். முன்பு போட்டிருந்த விண்டோஸ் 32 பிட் என்பதால் இயந்திரமும் 32 பிட் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. 2 ஜிபி ரேம் இருந்ததால் அன்று 32 பிட் விண்டோஸைப் போட்டிருப்பார்கள், உள்ளே இருக்கும் பிராசஸர் 64 பிட்டாகவே இருக்கும். பிராசஸரின் பெயரை எழுதிக்கொண்டு தேடிப் பாருங்கள். உண்மையிலேயே 32 பிட் இயந்திரம் என்றால் வழிகள் குறுகிவிட்டன. 2023-ல் வந்த டெபியன் 12-ல் அதற்குத் தனிப் பதிப்பு உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் இல்லை. அத்தகைய இயந்திரத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

இன்னொன்று. உபுண்டுவில் எல்டிஎஸ் என்று எழுதிய பதிப்பை மட்டும் எடுங்கள். அதற்கு ஐந்தாண்டு திருத்தங்கள் வரும். இடையில் வருகிற பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான். புதியது என்று ஆசைப்பட்டு அதைப் போட்டால் அடுத்த வருடம் மீண்டும் எங்கள் வாசலில் வந்து நிற்பீர்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு.

இவ்வளவும் சரியாகப் பார்த்துப் போட்டாலும் வைஃபை வராமல் போகலாம். அப்படி வராமல் போனதில் நாங்கள் ஒரு பிள்ளைக்கு நஷ்டம் செய்திருக்கிறோம். அதை இந்தச் சபையில் சொல்லியாக வேண்டும்.

கொரோனாவுக்குப் பிந்தைய காலம். நன்கொடையாக வந்த சில பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் போட்டு மாணவர்களுக்குக் கொடுத்தோம். அலுவலகத்தில் கேபிள் செருகிப் பார்த்தோம், இணையம் நன்றாக ஓடியது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டோம். அதில் ஒன்று கல்லூரி முதலாண்டு சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று. அவள் வீட்டில் கேபிள் ஏது? அத்தாவின் செல்போன் ஹாட்ஸ்பாட்தான். வைஃபை அடையாளமே திரையில் வரவில்லை. எங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அவள் சொல்லவும் இல்லை. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் சாயங்காலம் அத்தாவின் போனிலேயே முயன்றிருக்கிறாள். சான்றிதழ்களைக் கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்ற முடியவில்லை. பிரவுசிங் சென்டருக்கு ஓடியபோது இருட்டிவிட்டது, கூட்டம், சர்வரும் இழுத்தது. அந்த ஆண்டு உதவித்தொகை போயிற்று. நிர்வாகிகள் எங்கள் கைக்காசைப் போட்டு அந்தத் தொகையைக் கொடுத்தோம். என்றாலும், "நீங்க நல்லதுக்குத்தானே கொடுத்தீங்க" என்று அவள் அத்தா சொன்னபோது எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

குறை எங்கே இருந்தது என்று பிறகு பார்த்தோம். நாங்கள் போட்டது டெபியனின் வழக்கமான பதிப்பு. வைஃபை அட்டைக்குள் இருக்கும் சில்லுக்கு ஃபர்ம்வேர் என்ற ஒரு சிறு கோப்பு வேண்டும். ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் எழும்போதும் இயங்குதளம் அதைச் சில்லுக்குள் ஊட்ட வேண்டும். ஜக்கார்டு தறி வைத்திருப்பவர்களுக்குப் புரியும்: தறி புதிது, மோட்டார் ஓடுகிறது, நூலும் இருக்கிறது, ஆனால் டிசைன் அட்டை கோக்கவில்லை என்றால் பூ விழாது. அந்தக் கோப்பை அட்டைத் தயாரிப்பாளர்கள் மூலநிரல் இல்லாமல், மூடிய பொட்டலமாகத் தருகிறார்கள். திறந்த நிரல்தான் தருவோம் என்பது டெபியனின் கொள்கை. ஆகவே அன்றைய அதிகாரபூர்வப் பதிப்பில் அது கிடையாது. ஃபர்ம்வேர் சேர்த்த பதிப்பு தனியாக ஒரு மூலையில் கிடந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. பின்னர் டெபியன்காரர்களே 2022-ல் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேரையும் சேர்த்தே தருகிறார்கள். கொள்கையை விடாமல் பிடிப்பதும் நல்லதுதான், ஆனால் பயன்படுத்துகிறவன் வீட்டில் கேபிள் இல்லையே!

அன்றிலிருந்து எங்கள் வழிமுறையை மாற்றிக்கொண்டோம். பதிப்பை முதலில் போட்டுவிட்டு வைஃபையைப் பிறகு பார்ப்பதில்லை. 8 ஜிபி பென்டிரைவில் பதிப்பை ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே இயந்திரத்தை எழுப்புகிறோம். 'லைவ்' என்பார்கள். அதில் வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, வீடியோ ஓடுகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பார்க்கிறோம். வந்தால் அதே பதிப்பைப் போடுகிறோம். வராவிட்டால் இன்னொரு பதிப்பின் பென்டிரைவ். கேபிளை அறையிலிருந்தே எடுத்துவிட்டோம்.

லைவில் வராவிட்டால் உடனே கைவிட வேண்டியதில்லை. வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவை உண்டு. பழைய மாடல்களில் முன்பக்க விளிம்பிலோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன நகர்த்து சுவிட்ச் இருக்கும், அது அணைந்திருக்கும். சிலவற்றில் எஃப்என் விசையோடு ஆன்டெனா படம் போட்ட விசையை அழுத்த வேண்டும். சிரிக்காதீர்கள், எங்கள் கைக்கு வந்ததில் பாதிக் கோளாறு இதுதான். தெரிந்த பிள்ளைகள் ஆர்எஃப்கில் என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்க்கலாம். 'ஹார்டு பிளாக்' என்று வந்தால் பெரும்பாலும் சுவிட்ச் அல்லது விசை. 'சாஃப்ட் பிளாக்' என்று வந்தால் கட்டளையிலேயே திறந்துவிடலாம். விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கும் இயந்திரமாக இருந்தால், விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணையுங்கள். அது முழுதாகத் தூங்காமல் அட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு லினக்ஸுக்குக் கொடுக்காது. பேட்டரியைக் கழற்றி, சார்ஜரை எடுத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மறுபடி போட்டால் உயிர் வந்த அட்டைகளும் உண்டு.

பிராட்காம் சில்லு உள்ளவை தனி ஜாதி. பல பதிப்புகளில் அதற்கான டிரைவர் தானாக ஏறாது, தனியாக ஏற்ற வேண்டும். ஏற்ற இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். கோழியா முட்டையா கதை. இதற்கு எளிய வழி, செல்போனைச் சார்ஜர் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனில் 'யுஎஸ்பி டெதரிங்'கை இயக்குவது. உடனே இணையம் வந்துவிடும். பிறகு மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் அதுவே கண்டுபிடித்துக் காட்டும். அந்தப் பெண்ணுக்கு அன்று இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும், அவசரத்துக்கு வேலை முடிந்திருக்கும். தாய்மார்களே, மற்றதை மறந்தாலும் இதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வைஃபை அடையாளம் வருகிறது, பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் தெரிகிறது, நம் வீட்டு ரவுட்டர் மட்டும் தெரியவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பழைய அட்டைகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரவுட்டரோ போன் ஹாட்ஸ்பாட்டோ 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அவற்றுக்குக் கண்ணே தெரியாது. போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் ஏற்காவிட்டால் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பாருங்கள், டபிள்யூபிஏ2-க்கு மாற்றினால் பழையது ஒட்டிக்கொள்ளும். தறிக்கூடத்தைத் தாண்டிப் பின்கட்டில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளுக்குச் சிக்னல் குறைவது கம்ப்யூட்டரின் குற்றமல்ல. நடுவே தகரமும் இரும்புமாக நிற்கிறதே.

வைஃபை இணைந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை, 'பாதுகாப்பற்றது' என்கிறது. இப்படி ஒன்று வந்தது. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால் பத்தாண்டு பின்னால் நிற்கிறது! உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறானால் இணையதளங்களின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். சின்ன பேட்டரிதான், மாற்றினோம், தேதியைத் திருத்தினோம், எல்லாம் திறந்தது.

எதுவும் பலிக்காவிட்டால் யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் இருக்கிறது. அதிலும் லினக்ஸில் ஓடுவது எது என்று கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் சோதித்த ஒன்றிரண்டை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், கொண்டுபோய் வீட்டில் போட்டுப் பார்த்த பிறகு வாங்கலாம்.

லினக்ஸ் எல்லாருக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. கடைக் கணக்கை டேலியில் வைத்திருப்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள், உரிமத்தோடு இருங்கள். படிப்பு, விண்ணப்பம், தமிழ்99-ல் தட்டச்சு, ஆன்லைன் வகுப்பு இவற்றுக்கு லினக்ஸ் போதும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. புதிய இயங்குதளம் போட்டால் பழையது அழியும். நிக்காஹ் படங்கள், சான்றிதழ் நகல்கள், மறைந்த பெரியவர்களின் குரல் பதிவுகள் எல்லாம் அதில் இருக்கலாம். முதலில் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். நன்கொடையாகக் கொடுப்பவர்களும் கேளுங்கள்: வெறுமனே 'டெலீட்' செய்தது திரும்ப எடுக்கக்கூடியது. வீட்டுப் பெண்களின் படங்கள் அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது. டிஸ்க் முழுவதையும் உங்கள் கண் முன்னே துடைத்துக் காட்டிய பிறகே நாங்கள் ஏற்றுக்கொள்வோம். அது எங்களிடம் தரப்படும் அமானத்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸா கூடத்தில் உட்காருகிறோம். கல்லூரி மாணவர்கள் சிலர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களுக்குத் தனி இடம் உண்டு, பார்த்துத் தருவதற்கும் பெண் பிள்ளைகளே இருப்பார்கள். மாற்று மத அண்டை வீட்டாரிடமும் சொல்லுங்கள், அவர்கள் பீரோ மேலும் ஒன்று இருக்கும். மடிக்கணினியோடு அதன் சார்ஜரையும் செல்போன் கேபிளையும் எடுத்து வாருங்கள். சென்ற முறை வந்தவர்களில் பாதிப்பேர் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.